120 புஷ், ஒரு மேனுவல் லேத்து: எந்தச் சக்கில் கட்டுவது?

சிங்கப்பூரில் துவாஸிலோ ஈசூனிலோ இருக்கும் ஒரு சிறு பட்டறைக்கு இப்படியொரு வரைபடம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கப்பல் பம்புக்கு வெண்கலப் புஷ் (நடுவே துளையுள்ள சிறு உருளை), 120 பீஸ். வெளிவிட்டம் 45 பி6, அதாவது 45.026 முதல் 45.042 மி.மீ. வரை. உள்விட்டம் 30 ஹெச்7, அதாவது 30.000 முதல் 30.021 வரை. நீளம் 40. உள்துளையை ஆதாரமாக வைத்து டயல் (ஆட்டத்தை அளக்கும் முள்மானி) போட்டால் வெளிப்புறம் 0.03க்கு மேல் ஆடக்கூடாது. சிஎன்சி (கணினி இயக்கும் இயந்திர) கடைகள் இவ்வளவு சிறிய எண்ணிக்கையை அவசரத்துக்கு எடுப்பதில்லை. இருப்பது ஒரு மேனுவல் லேத்து. ஜாப்பை, அதாவது வெட்டப்படும் துண்டை, பிடித்துச் சுற்றுவது சக்; அதன் பிடிக்கும் தாடை ஜா. அலமாரியில் மூன்று ஜா சக், நான்கு ஜா சக், ஒரு காலெட் செட் (கம்பியைச் சுற்றி இறுகும் பிளவுக் குழாய்கள்), யாரும் தொடாமல் கிடக்கும் சாஃப்ட் ஜா (வேலைக்கேற்பக் குடைந்துகொள்ளும் மென்மையான ஜா) பெட்டி. எதை ஏற்றுவது?

"எது துல்லியமான சக்?" என்றுதான் பலரும் ஆரம்பிப்பார்கள். அங்கேயே பாதை மாறிவிடுகிறது. கேட்க வேண்டியது வேறு: ஜாப்பை எத்தனை தடவை அவிழ்த்துக் கட்டப் போகிறோம்? மறுபடி கட்டிய பிறகு வெட்டும் அளவு, முன்பு வெட்டிய எந்த அளவோடு ஒத்துப்போக வேண்டும்? அவிழ்க்காமல் ஒரே பிடியில் வெட்டிய இரண்டு விட்டங்கள், ஆடுகிற பழைய சக்கிலும் ஒரே மையத்தில்தான் இருக்கும். அவை சுற்றியது ஸ்பிண்டிலின் (சக்கைச் சுற்றும் லேத்தின் தண்டு) அச்சில், சக்கின் அச்சில் அல்ல. சக்கின் பிழை ஜாப்பில் ஏறுவது இரண்டாவது பிடியில்தான். ஆகவே சக்கைத் தேர்ந்தெடுப்பதே இரண்டாவது பிடிக்காகத்தான்.

முதலில் கச்சாப்பொருள் எப்படி வருகிறது என்று பாருங்கள். 50 மி.மீ. கம்பியாக வந்தால், 52 மி.மீ. ஸ்பிண்டில் துளை உள்ள லேத்தில் பின்னாலிருந்து முன்னால் நுழைத்து, பேசிங் (முகத்தைச் சமன்செய்தல்), டிரில், போரிங் (துளையைக் குடைந்து பெரிதாக்குதல்), வெளிப்புற டர்னிங், சேம்ஃபர் (ஓரச் சரிவு), பார்ட்டிங் (வெட்டிப் பிரித்தல்) எல்லாவற்றையும் ஒரே பிடியில் முடிக்கலாம். 0.03 பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. பார்ட்டிங் ஆன பிறகு மிச்சம் இருப்பது மறுமுகத்தை பேசிங் செய்து 40க்குக் கொண்டுவருவது மட்டும். ஆனால் பல பட்டறைகளில் கம்பியை முதலில் ரம்பத்தில் துண்டு துண்டாக அறுத்துவிடுவார்கள். ஜா பிடிக்க ஒவ்வொரு துண்டிலும் 15 மி.மீ. கூடுதலாக விட வேண்டும். 120 துண்டுக்கு 1,800 மி.மீ. கம்பி, 50 மி.மீ. திட வெண்கலம் என்றால் சுமார் 31 கிலோ. வெண்கல விலையில் இது சில்லறைக் கணக்கு இல்லை. பணம் போவதோடு, ஒரே பிடியில் முடிந்திருக்க வேண்டிய வேலையும் இரண்டு பிடியாகிறது.

கம்பியை நுழைப்பதில் ஒரு ஆபத்து உண்டு. ஹெட்ஸ்டாக்கின் (ஸ்பிண்டில் இருக்கும் பெட்டி) பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி வேகம் ஏறியதும் வளையத் தொடங்கும். வளைந்ததும் மையவிலக்கு விசை கூடும், கூடியதும் இன்னும் வளையும். ஒரு கட்டத்தில் செங்கோணமாக மடிந்து, எதிரில் இருப்பதையெல்லாம் அடிக்கும். 50 மி.மீ. கம்பி லேசில் வளையாது. 12 மி.மீ. கம்பி 300 மி.மீ. நீட்டி 1,500 ஆர்பிஎம்மில் ஓடினால் வளையும். விட்டம் எதுவானாலும் ஸ்பிண்டில் நீளத்துக்குள் அடங்கும்படி கம்பியை அறுத்துக்கொள்வதே நல்லது. கடைசித் துண்டு வீணாவது தாங்கக்கூடிய நட்டம்.

மூன்று ஜா சக்

முதல் பிடிக்கு இது போதும். நல்ல நிலையில் உள்ள 200 மி.மீ. ஸ்க்ரோல் (மூன்று ஜாவையும் சேர்த்து நகர்த்தும் சுருள்) சக்கிலேயே டயல் 0.05 முதல் 0.08 வரை ஆட்டம் காட்டுவது சகஜம். தேய்ந்ததில் 0.15ஐயும் பார்க்கலாம். ஒரு விட்டத்தில் நன்றாக ஓடும் சக், இன்னொரு விட்டத்தில் ஓடாது. ஸ்க்ரோலின் வேறொரு பகுதி அங்கே வேலை செய்கிறது. 50 மி.மீ. கம்பியை இதில் கட்டி 45க்குக் குறைத்துவிட்டால் இந்த ஆட்டமெல்லாம் சில்லோடு போய்விடும்.

கவலைப்பட வேண்டியது ஆட்டத்தைப் பற்றி இல்லை, வாய் அகன்ற ஜாவைப் பற்றி. வருடக்கணக்கில் ஜாவின் நுனியில் மட்டும் சின்ன ஜாப்பைக் கட்டிக் கட்டி நுனி தேய்ந்து, பின்பக்கம் மட்டும் பிடிக்கும். சோதிப்பது எளிது. 30 மி.மீ. கிரைண்டிங் செய்த கம்பி ஒன்றைக் கட்டி, ஜாவின் வாயருகே ஒருமுறையும் 100 மி.மீ. தள்ளி ஒருமுறையும் டயல் போடுங்கள். வாயில் 0.05, தூரத்தில் 0.20 என்று வந்தால் ஜா கம்பியை நேராகப் பிடிக்கவில்லை. இன்னொரு வழி: ஒவ்வொரு ஜாவின் நுனியிலும் ஒரு மெல்லிய தாள் துண்டை வைத்து இறுக்கி, பிறகு இழுத்துப் பாருங்கள். வழுக்கி வந்தால் அந்த நுனி பிடிக்கவில்லை. அப்படிப்பட்ட சக்கில் டிரில் அழுத்தம் வரும்போது கம்பி பின்னால் நழுவும், பார்ட்டிங் பிளேடு இறங்கும்போது ஆடும். பிளேடு உடைந்தால் "பிளேடு சரியில்லை" என்று பிளேடைத்தான் திட்டுவோம்.

ஜாவைக் கழற்றி மாட்டும்போது 1, 2, 3 என்ற வரிசை மாறக்கூடாது. சில சக்குகளில் சாவி போடும் மூன்று துளைகளில் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒரு குறி இருக்கும். கடைசி இறுக்கலை எப்போதும் அதில்தான் கொடுக்க வேண்டும். குறி இல்லையென்றால் மூன்று துளையிலும் மாறி மாறி இறுக்கி டயல் பார்த்து, குறைவாக ஆடும் துளைக்கு நீங்களே ஒரு குறி போட்டுவிடுங்கள்.

நான்கு ஜா சக்

தனித்தனியாக நகரும் நான்கு ஜாவில் பொறுமை இருந்தால் 0.01க்குள் கொண்டுவரலாம். டயலில் எதிரெதிர் இரண்டு ஜாவைப் பார்த்து, வித்தியாசத்தில் பாதியைத்தான் தள்ள வேண்டும். 0.40 காட்டினால் 0.20. இரண்டு சாவியைக் கையில் வைத்து ஒன்றைத் தளர்த்தும்போதே எதிர்ப்பக்கத்தை இறுக்குகிறவர் மூன்று நான்கு நிமிடத்தில் முடித்துவிடுவார். ஒரே சாவியை மாற்றி மாற்றிப் போடுகிறவருக்குப் பத்து நிமிடம் ஆகும். சதுரம், வார்ப்பு, மையம் விலகிய துளை ஆகியவற்றுக்கு இதுவே சரி. பிடியும் பலமானது.

120 பீஸுக்கு? நான்கு நிமிடம் வீதம் 480 நிமிடம், ஒரு முழு ஷிஃப்ட், வெட்டாமலேயே. இதைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. முதல் பீஸைச் சரியாக மையத்துக்குக் கொண்டுவந்த பிறகு, அடுத்தடுத்து உள்ள இரண்டு ஜாவை மட்டும் தளர்த்தி எடுங்கள், அந்த இரண்டையும் மட்டுமே மறுபடி இறுக்குங்கள். தொடாத மற்ற இரண்டும் ஒரு வீ பிளாக் போல நின்று ஜாப்பின் இடத்தைக் காத்துக்கொள்ளும். பீஸ்களின் வெளிவிட்டம் ஒன்றுபோல இருந்தால் டயலில் 0.03 முதல் 0.05க்குள் திரும்ப வரும். 20 பீஸ் வேலைக்கு இது நல்ல யுக்தி. நம் 0.03க்கு நம்ப முடியாது.

நான்கு ஜாவில் விபத்து வேறு வகை. ஜா சக்கின் உடம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சுற்றும்போது கண்ணுக்குத் தெரியாது, தட்டினால் விரல் முறியும். மையம் விலகிய ஜாப் என்றால் எதிர் எடை இல்லாமல் வேகம் ஏற்றக்கூடாது. லேத்தை ஓட்டுவதற்கு முன் ஸ்பிண்டிலை நியூட்ரலில் போட்டு ஒரு முழுச் சுற்று கையால் சுற்றி, ஜா எதுவும் டூல் போஸ்டிலோ சேடிலிலோ (டூலைப் பிடித்து நகரும் பகுதிகள்) இடிக்கவில்லை என்று பார்க்க வேண்டும். பத்து விநாடி வேலை.

அட்ஜஸ்ட் செய்யும் மூன்று ஜா சக்

இது இருக்கும் பட்டறைகள் குறைவு, இருந்தால் அதிர்ஷ்டம். பின்தட்டில் நான்கு திருகுகள் சக்கின் உடம்பையே தள்ளும். ஒரு விட்டத்துக்கு 0.01க்குள் சரிசெய்துவிட்டால் அதே விட்டத்தில் வரும் அடுத்த பீஸ்களும் ஏறக்குறைய அங்கேயே நிற்கும். அமைக்க 15, 20 நிமிடம் ஆகும். ஒரே விட்டத்தில் பத்துப் பதினைந்து பீஸ் செய்பவருக்கு இதைவிட வசதியானது இல்லை. ஜாப்பை ஒருமுறை பலமாக இடித்துவிட்டால் மறுபடி டயல் போட்டே ஆக வேண்டும்.

சாஃப்ட் ஜா

நம் 120 புஷ்ஷின் இரண்டாவது பிடிக்கு இதுதான். இதற்கு சக்கின் ஜா இரண்டு துண்டாக இருக்க வேண்டும்: உள்ளே நகரும் அடி ஜா, மேலே போல்ட்டில் கட்டும் மேல் ஜா. மேல் ஜாவை மைல்டு ஸ்டீலிலோ அலுமினியத்திலோ போட்டு, அதே லேத்தில், அதே ஸ்பிண்டிலில், புஷ்ஷின் விட்டத்துக்கே குடைந்துவிடுகிறோம். குடைந்தபின் அந்த ஜாவின் மையமும் ஸ்பிண்டிலின் மையமும் ஒன்று. சரியாகக் குடைந்தால் 0.02க்குள் திரும்பத் திரும்பக் கட்டலாம்.

குடைவதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். வெறும் ஜாவை அப்படியே நிறுத்திக் குடையக்கூடாது. ஸ்க்ரோலுக்கும் ஜாவுக்கும் இடையே தளர்ச்சி உண்டு. ஜாப்பை இறுக்கும்போது அந்தத் தளர்ச்சி ஒரு பக்கமாகச் சாயும். குடையும்போதும் அதே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். அதனால் ஜாவின் அடிப்பகுதியில், குடையப் போகும் இடத்துக்குப் பின்னால், ஒரு எஃகு வளையத்தையோ உருளைத் துண்டையோ வைத்து, வேலையின்போது எவ்வளவு இறுக்குவோமோ அவ்வளவு இறுக்கிவிட்டு முன்பகுதியைக் குடைய வேண்டும். வெளியிலிருந்து உள்நோக்கி அழுத்திப் பிடிக்கும் வேலை என்றால் வளையத்தையும் அப்படியே பிடிக்க வேண்டும். உள்துளையில் ஜாவை விரித்துப் பிடிக்கும் வேலை என்றால், ஜாக்களைச் சுற்றி ஒரு பெரிய வளையத்தைப் போட்டு உள்ளிருந்து விரித்து இறுக்கி, ஜாவின் வெளிப்புறத்தை டர்னிங் செய்ய வேண்டும். இந்தத் திசையை மாற்றிச் செய்தால் 0.10 ஆட்டத்தோடு சாஃப்ட் ஜா தயாராகும். பிறகு "சாஃப்ட் ஜாவெல்லாம் சும்மா பேச்சு" என்ற முடிவுக்கு வந்து பெட்டியை மூடிவிடுவார்கள். அந்தப் பெட்டியில் தூசி படிந்ததற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

குடையும் விட்டம் 45.03 அளவில், புஷ்ஷின் அளவுக்கே இருக்கட்டும். பெரிதாகப் போனால் ஒவ்வொரு ஜாவும் நடுவில் ஒரு கோட்டில் மட்டும் தொடும், மூன்று கோடும் புஷ்ஷில் பதியும். 0.02, 0.03 சிறிதாகப் போனால் ஒவ்வொரு ஜாவும் இரண்டு ஓரத்தில் தொடும். ஆறு இடத்தில் பிடிப்பதால் ஆடாது, ஓரங்களின் பிசிறை மட்டும் எடுத்துவிட வேண்டும். படியின் ஆழம் 10 மி.மீ. போதும், பேசிங் மட்டும்தானே. படியின் அடிமுகத்தையும் அதே அமைப்பில் பேஸ் செய்துவிடுங்கள். புஷ் அதில்தான் முட்டி நிற்கப் போகிறது. மூலையில் 1 மி.மீ. பள்ளம் எடுக்க மறந்தால் ஒவ்வொரு பீஸிலும் ஒரு சில்லு அங்கே மாட்டி, புஷ் சாய்ந்து நிற்கும். நீளம் 40.00, 40.06, 39.97 என்று குதிக்கத் தொடங்கினால் முதலில் அந்த மூலையைப் பாருங்கள்.

குடையும்போது வெட்டு விட்டு விட்டுத்தான் விழும், மூன்று ஜாவுக்கு நடுவே வெறும் காற்று. ஒவ்வொரு ஜாவிலும் டூல் "டக் டக்" என்று இடிக்கும். 300 ஆர்பிஎம்மைச் சுற்றி ஓட்டி, கடைசி வெட்டு 0.1 எடுத்தால் போதும். சுற்றுகிற ஜாவுக்குள் விரல் விட்டுப் பிசிறு தடவிப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. லேத்து நின்ற பிறகும் ஓரம் பிளேடு மாதிரிதான் இருக்கும்.

இங்கே நம் புஷ் விஷயத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உள், வெளி இரண்டும் முதல் பிடியிலேயே முடிந்துவிட்டதால், இரண்டாவது பிடியில் 0.05 ஆடினாலும் வரைபடம் கேட்பது கெடாது. முகம் செங்குத்தாக நிற்க வேண்டும், வெளிப்புறத்தில் ஜா பதியக்கூடாது, நீளம் ஒன்றுபோல வர வேண்டும். இந்த மூன்றுக்காகத்தான் சாஃப்ட் ஜா, மையத்துக்காக அல்ல. ஐந்து பீஸ்தான் என்றால் செம்புத் தகடு சுற்றி சாதாரண ஜாவிலேயே முடித்துவிடலாம்.

சுவர் மெலிந்த புஷ் என்றால் கதை வேறு. 3 மி.மீ. சுவரை மூன்று ஜாவில் இறுக்கிப் போரிங் செய்தால் கட்டியிருக்கும்வரை துளை வட்டமாக இருக்கும். அவிழ்த்ததும் மூன்று மூலை உள்ள வட்டமாகிவிடும். கொடுமை என்னவென்றால், இரண்டு முனையால் தொடும் போர் கேஜில் எங்கே திருப்பினாலும் அளவு ஏறக்குறைய ஒன்றாகவே காட்டும். மூன்று முனை மைக்ரோமீட்டரையோ பிளக் கேஜையோ போட்டால்தான் வெளுக்கும். அதற்கு ஜாப்பை முக்கால்வாசி சுற்றி அணைக்கும் அகலமான சாஃப்ட் ஜா வேண்டும். இல்லையென்றால் ஆறு ஜா சக்.

காலெட்

45 மி.மீ.யை 5சி காலெட் பிடிக்காது. வட்டக் கம்பியில் அதன் எல்லை சுமார் 28 மி.மீ. ஈஆர்40 பொதுவாக 26 வரை, சில தயாரிப்பில் 30 வரை. ஆக இந்த வேலைக்குக் காலெட் இல்லை. வேலை 20 மி.மீ. பின் 120 என்றிருந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை. நெம்புகோல் போட்ட 5சியில் கட்டுவதற்கு எட்டுப் பத்து விநாடி, ஆட்டம் 0.02 சுற்றிலும், வெளியே நீட்டும் ஜா எதுவும் இல்லை. கைக்கு மிகவும் பத்திரமான பிடி இது.

ஆனால் 5சி அளவு விஷயத்தில் பிடிவாதக்காரன். கம்பி சொன்ன அளவுக்கு 0.1 விலகினாலே பிடி கெடும். கருப்புத் தோலோடு வரும் ஹாட் ரோல்டு கம்பியைப் போட்டால் காலெட்டே பாழ். இரண்டாவது ஆபரேஷனில் நீளம் பிடிக்கும்போது இன்னொரு சிக்கல்: 5சியின் கூம்பு ஒரு பக்கத்துக்கு 10 டிகிரி. கம்பி விட்டம் 0.05 மாறினால் காலெட் சுமார் 0.14 மி.மீ. முன்னும் பின்னும் இழுபடும், ஜாப்பையும் சேர்த்து இழுக்கும். விட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத பிழை நீளத்தில் மூன்று மடங்காகக் காட்டும். முதல் ஆபரேஷனில் பேஸ் செய்துவிட்டு அந்த முகத்திலிருந்தே நீளம் எடுத்தால் இது பாதிக்காது. ஈஆர் காலெட் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1 மி.மீ. வரை சுருங்கும், அது வசதி. ஆனால் முழு நீளத்துக்கும் ஜாப் உள்ளே இருந்தால்தான் நேராகப் பிடிக்கும், 10 மி.மீ. துண்டை வாயில் மட்டும் பிடிக்கச் சொன்னால் சாய்த்துவிடும்.

மாண்ட்ரல், இரண்டு சென்டருக்கு நடுவே

புஷ் தனித்தனி வார்ப்பாக வந்தால் ஒரே பிடி என்பது நடக்காது. முதலில் துளையும் ஒரு முகமும், பிறகு அந்தத் துளையை ஆதாரமாக வைத்து வெளிப்புறம். இங்கே மாண்ட்ரல்தான் (துளைக்குள் நுழைத்து ஜாப்பைப் பிடிக்கும் தண்டு) ராஜா. சென்டர் துளைகள் நன்றாக இருந்தால் எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் அதே மையம். வழக்கமான திட மாண்ட்ரலின் சரிவு 2,000க்கு 1. ஹெச்7 துளை 21 மைக்ரான் வரை மாறலாம். 0.021ஐ 2,000ஆல் பெருக்கினால் 42 மி.மீ. அதாவது சின்னத் துளை புஷ் ஒரு இடத்தில் இறுகும், பெரிய துளை புஷ் அதிலிருந்து 42 மி.மீ. தள்ளி இறுகும். சேடில் ஸ்டாப் வைத்து நீளம் பிடிக்கலாம் என்ற திட்டம் அங்கேயே விழுந்துவிடும். தொகுதி வேலைக்கு விரியும் மாண்ட்ரல் நல்லது. புஷ் தோளில் முட்டி எப்போதும் ஒரே இடத்தில் நிற்கும். கேரியர் (மாண்ட்ரலைச் சுற்றவைக்கும் பிடி) போட்டு ஓட்டினால் அதன் வால் சட்டையை இழுக்கும் கொக்கி என்பது நினைவிருக்கட்டும். மூடிய டிரைவ் பிளேட் இருந்தால் அதைப் போடுங்கள்.

நேரக் கணக்கு

சாஃப்ட் ஜா குடைய 50 நிமிடம் என்று வைத்தால், ஒவ்வொரு பீஸும் 25 விநாடியில் கட்டலாம். 120 பீஸுக்குக் கட்டும் நேரம் 50 நிமிடம், மொத்தம் 100. நான்கு ஜாவில் 480. ஒரு பீஸுக்கு ஏறக்குறைய மூன்றரை நிமிட மிச்சம் என்றால், குடைந்த 50 நிமிடம் 15வது பீஸில் திரும்பி வந்துவிடும். அட்ஜஸ்ட் சக் 20 நிமிட அமைப்போடு ஆறாவது பீஸில். ஆகவே மறுபிடியில் மையம் முக்கியமான வேலையில் ஐந்துக்குள் என்றால் நான்கு ஜா, பதினைந்து வரை அட்ஜஸ்ட் சக், அதற்கு மேல் சாஃப்ட் ஜா. உங்கள் கை வேகத்துக்கு இந்த எண்கள் கொஞ்சம் நகரலாம்.

சக்கை மாற்றுவதற்கு முன்

எந்தச் சக்கானாலும் லேத்தின் படுக்கை முறுக்கிக்கொண்டிருந்தால் பயனில்லை. இங்கே பல பட்டறைகள் பலமாடித் தொழிற்கூடங்களின் மேல்தளத்தில் இருக்கின்றன. பக்கத்தில் கனமான ஒரு இயந்திரத்தை இறக்கினாலும் தளம் கொஞ்சம் அசையலாம். 50 மி.மீ. கம்பியை 150 மி.மீ. நீட்டிக் கட்டி, டெயில் ஸ்டாக் (மறுமுனையைத் தாங்கும் பகுதி) இல்லாமல், 120 மி.மீ. இடைவெளியில் இரண்டு காலர் விட்டு, இரண்டையும் ஒரே அமைப்பில் 0.1 வெட்டு எடுத்து அளந்து பாருங்கள். வித்தியாசம் 0.01க்கு மேல் இருந்தால் லெவலிங் திருகைத் தொட வேண்டும்.

வித்தியாசத்துக்கெல்லாம் படுக்கைதான் காரணம் என்றும் இல்லை. 20 மி.மீ. எஃகு பின்னை 60 மி.மீ. நீட்டி, நுனியில் டூல் 10 கிலோ பளுவில் தள்ளினால், நுனியில் விட்டம் சுமார் 0.009 பெரிதாக வரும். 100 மி.மீ. நீட்டினால் 0.04. நீளத்தின் மும்மடிக்கு ஏற்ப வளைவு கூடுகிறது. விட்டத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் நீட்டினால் டெயில் ஸ்டாக் சென்டர் கொடுத்துவிடுங்கள்.

சக்கை ஏற்றும்போது கேம்லாக் (சக்கை ஸ்பிண்டிலில் பூட்டும் அமைப்பு) முகத்தையும் கூம்பையும் துணியால் துடைத்த பிறகு வெறும் உள்ளங்கையால் ஒருமுறை தடவுங்கள். துணி விட்ட சில்லு கையில் தட்டும். கேம் குறி ஒவ்வொன்றும் இரண்டு வீ குறிக்கு நடுவே நிற்க வேண்டும், அதைத் தாண்டினால் பிடிப்பு பொய். 250 மி.மீ. சக் 25 கிலோவைத் தாண்டும். படுக்கையில் வைக்க ஒரு மரத் தொட்டில் செய்து வைத்துக்கொண்டால் விரலும் தப்பும், படுக்கையும் தப்பும்.

சக்கின் முகத்தில் பொறித்த அதிகபட்ச ஆர்பிஎம் ஒரு அலங்காரம் இல்லை. வேகம் இரட்டித்தால் ஜாவை வெளியே இழுக்கும் விசை நாலு மடங்காகும், வெளிப்பிடியில் அவ்வளவும் இறுக்கத்திலிருந்து கழியும். கனமான சாஃப்ட் ஜா போட்டால் இன்னும் கழியும். 45 மி.மீ. வெண்கலத்துக்கு நிமிடத்துக்கு 90 மீட்டர் என்றால் 640 ஆர்பிஎம் சுற்றி வரும். அதற்கு மேல் ஓட்டி மிச்சப்படும் விநாடிகள் எதற்கும் உதவாது.

சேடிலுக்கு நாலு நிலை ஸ்டாப் இருந்தால் நல்லது. ஆனால் தானாக விலகும் ஃபீடு கிளட்ச் இல்லாத லேத்தில் ஆட்டோ ஃபீடில் ஓட்டி ஸ்டாப்பில் மோதவிடக் கூடாது. 1 மி.மீ. முன்பே ஃபீடை எடுத்துக் கையால் முட்டுங்கள். டிஜிட்டல் ரீட்அவுட் 5 மைக்ரான் வரை படிக்கும். டூல் தேய்ந்ததையும் ஜாப் வளைந்ததையும் அது படிக்காது. டூல் போஸ்டில் வெட்ஜ் வகைக் குயிக் சேஞ்ச் இருந்தால் ஐந்து டூலுக்கு ஐந்து ஹோல்டர் என்று ஒதுக்கிவிடுங்கள்.

பார்ட்டிங் முடியும் நேரத்தில் புஷ்ஷைக் கையால் ஏந்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டெயில் ஸ்டாக் டிரில் சக்கில் 25 மி.மீ. கம்பி ஒன்றைக் கட்டித் துளைக்குள் விட்டுவையுங்கள். அறுந்த புஷ் அதில் தொங்கும். லேத்து நின்ற பிறகு எடுத்துக்கொள்ளலாம். சாவியை விட்டால் தானாக வெளியே தள்ளும் ஸ்பிரிங் சாவிதான் வாங்க வேண்டும். துணிக் கையுறை லேத்தருகே கூடாது, கழுத்தில் தொங்கும் பாஸ் (அடையாள அட்டை) வார் அதைவிடக் கூடாது. எமரித் தாளை ஜாப்பைச் சுற்றி விரலால் பிடிக்காமல், மரத்துண்டில் வைத்துப் பிடிக்க வேண்டும். இங்கே இடர் மதிப்பீட்டுத் தாளை மூன்றாண்டுக்கு ஒருமுறையாவது மறுபார்வை செய்ய வேண்டும் என்பது விதி. ஆனால் மூன்று ஜாவிலிருந்து நான்கு ஜாவுக்கோ, துண்டிலிருந்து நீளக் கம்பிக்கோ மாறிய அன்றே ஆபத்து மாறிவிட்டது. காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கில் அதை ஒரு நிமிடம் சொல்லிவிட வேண்டும்.

அளப்பதில் சிங்கப்பூர் வெயிலுக்கும் பங்கு உண்டு. குளிரூட்டாத பட்டறை 32 டிகிரி, வாடிக்கையாளரின் சோதனை அறை 20 டிகிரி. ஆனாலும் முதல் எதிரி அறையின் சூடு அல்ல, ஜாப்பின் சூடு. போரிங் முடிந்த உடனே புஷ் 50 டிகிரியில் இருந்தால் 30 மி.மீ. துளை, பட்டறைச் சூட்டுக்கு ஆறும்போது ஏறக்குறைய 10 மைக்ரான் சுருங்கும். 21 மைக்ரான் அனுமதியில் பாதி போய்விட்டது. அடுத்து 20 டிகிரி அறைக்குப் போனால் இன்னும் 6 மைக்ரான். எஃகு பிளக் கேஜையும் புஷ்ஷையும் ஒரே மேசையில் வைத்து இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகு பார்த்தால், மிஞ்சும் வித்தியாசம் 2 மைக்ரான்தான். ஆகவே துளையை 30.012ஐக் குறிவைத்து, ஆறவைத்து அளங்கள். கூலண்ட் தாராளமாக ஓடினால் காத்திருக்கும் நேரம் குறையும்.

வேலை முடிந்ததும் சாஃப்ட் ஜாவைக் கழற்றி, ஒவ்வொன்றிலும் 1, 2, 3 என்றும், ஜாப் எண், குடைந்த விட்டம், சக்கின் எண் ஆகியவற்றையும் பஞ்ச் அடித்து, எண்ணெய் பூசிப் பையில் போடுங்கள். இங்குள்ள ஈரப்பதத்தில் வெறும் மைல்டு ஸ்டீல் ஒரு வாரத்தில் பழுப்பேறும். அதே புஷ் மறுபடி வந்தால், அதே சக்கில், அதே அடி ஜாவில் மாட்டி, அதே வளையத்தை இறுக்கி டயல் போடுங்கள். ஆட்டம் 0.02க்குள் நின்றால் அப்படியே ஓட்டலாம். கூடினால், கொஞ்சம் சிறிய வளையத்தை வைத்து இறுக்கி, 45.03க்கே புதிதாகக் குடைய வேண்டும்; இப்போது எடுக்க வேண்டியது கொஞ்சம் இரும்புதான், 50 நிமிடம் 15 நிமிடமாகும்.